ஒஹிய வழியே மேலே

ஹோட்டன் சமவெளிக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பங்குனியில் போங்கள். மார்ச் நடுப்பகுதியில் தொடங்கி, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்வரை உள்ள நாட்கள் அந்த மலைக்கு மிகவும் ஏற்றவை. விடுமுறை வந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்கிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், இசை நிகழ்ச்சி என்று கொழும்பில் பாதி மேலே ஏறிவிடும். காலை 6 மணிக்குத் திறக்கும் பூங்கா வாசலில் இருட்டோடு இருட்டாக வான்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலில் காடு வாய் திறக்காது.

காற்றைப் பார்த்தால் இந்த மாதக் கணக்கு விளங்கும். பதுளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழை கொண்டுவரும் காற்று; தை பிறந்தும் சில வாரங்களுக்கு அதன் ஈரம் இருக்கும். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பும். அது ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுதுகைத் தாண்டும்போது வெறுங்கையோடு, வறண்டு, வேகமெடுத்து ஊவாவுக்குள் இறங்கும். கச்சான் காற்று என்று நாம் சொல்வது அதைத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் கொழுந்து வாடிச் சுருங்குகிறது. அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசம் ஏறுகிறது. ஹோட்டன் சமவெளியோ இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில், மலைமுதுகின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மழையும் அதற்கு உண்டு. ஒன்று ஓய்ந்து மற்றது எழும்பாத இடைவெளிதான் மாசி, பங்குனி. ஜனவரி, பெப்ரவரியில் புல்வெளியில் உறைபனி விழும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அப்போது போகலாம். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குப் பங்குனியே நல்லது. ஏப்ரலில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலுமாக மழை பிடிக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எந்த மாதம் போனாலும் நடையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

அந்த மலையின் இடிக்கு ஒரு பழைய கதை உண்டு. பதுளையில் அரசாங்க உதவி முகவராக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். பதுளை நகரத்தில் இருக்கும் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டதுதான். அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்த எண்ணிக்கையை மனதில் வாங்கிக்கொண்டு மேலே போனால் நல்லது. ஒரு காலத்தில் யானைகள் நடமாடிய ஹோட்டன் சமவெளியில் இன்று யானையே கிடையாது.

அடுத்த கேள்வி, எந்த வழி? நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் போவதுதான் எல்லோரும் போகும் வழி. ஊவாப் பக்கம் இருப்பவர்கள்கூட நுவரெலியாவுக்குப் போய் அறை எடுத்து, அங்கிருந்து வான் பிடிக்கிறார்கள். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. பூங்காவுக்கு ஊவாப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது: ஒஹிய. அந்த வழியாகப் போனால்தான் மலை எங்கிருந்து எழும்புகிறது, யாருடைய வீட்டுக் கொல்லையில் எழும்புகிறது என்று தெரியும்.

பதுளையிலிருந்து ஒஹியவுக்கு ரயில் பாதை அறுபது கிலோமீட்டர்தான். அதற்குள் ரயில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. முன்பதிவுப் பெட்டிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டுப் பயணிகள் அவற்றை வெகு முன்பே பிடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பு போதும். ஹாலிஎல, பண்டாரவளைச் சந்தைக்குப் போகிற மரக்கறி மூட்டைகளும், மருந்து வாங்கப் போகிற தாத்தாக்களும், பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்குகிற பெட்டி அதுதான். வலது பக்கம், இடது பக்கம் என்று ஜன்னலுக்காக அடித்துக்கொள்ளத் தேவையில்லை; பாதை வளைந்து வளைந்து இரண்டு பக்கத்துக்கும் சமமாகவே காட்சியைப் பங்கிடும்.

தெமோதரையில் ரயில் பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. மலை ஏற்றத்தைச் சமாளிக்கப் பொறியியலாளர்கள் கண்ட வழி அது. அதைத் தாண்டி எல்லவுக்குப் போகுமுன் ஒன்பது வளைவுப் பாலம். இந்தக் கடைசித் துண்டு, அதாவது பண்டாரவளையிலிருந்து பதுளை வரை, மிகவும் தாமதமாகத்தான் போடப்பட்டது. 1894இல் பண்டாரவளைக்கு வந்த ரயில், பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. முப்பது வருடம் பதுளைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியிலும் லொறியிலும்தான் ரயிலடிக்குப் போயிருக்க வேண்டும். இந்தப் பாதை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் போடப்பட்டது. ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் பக்கத்துத் தோட்டங்களின் வாழ்க்கையோடு முடிச்சுப்போட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கியது. மண்சரிவில் வீடுகளும் உயிர்களும் போயின. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே திட்டம் போடும்போது ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ரயில் இல்லையென்றால் அப்புத்தளையிலிருந்து பொரலந்தை வழியாக ஒஹியவுக்குச் சாலை உண்டு. அந்தச் சாலையிலும் மழைக்காலத்தில் மண் இறங்கும்; முதல் நாளே உள்ளூர் ஆட்களிடம் விசாரிப்பது நல்லது.

அப்புத்தளைக்கு அடுத்து வரும் இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் வண்டி நின்றால் கதவோரம் வந்துவிடுங்கள். மலைமுதுகு அங்கே மிக மெலிந்து, ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். ஒரு பக்கம் ஊவாவின் பள்ளத்தாக்கும், வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களும். மறு பக்கம் தெற்குச் சமவெளி, கடல்வரை. மேகம் ஒரு பக்கமிருந்து தண்டவாளத்தைத் தாண்டி மறு பக்கம் போவதை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேலே சுரங்கம் சுரங்கமாகக் கடந்தால் ஒஹிய. கிட்டத்தட்ட 1,770 மீட்டர் உயரம். அடுத்த நிலையமான பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுரங்கத்தில் ஊவா முடிந்து மத்திய மாகாணம் தொடங்குகிறது. ஒஹியவில் பெரிதாக எதுவும் இல்லை. ரயில் நிலையம், சில கடைகள், சில வீடுகள், தங்க இடம் தரும் சில குடும்பங்கள். முதல் நாள் மாலையே வந்து இங்கே தங்கிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டத்தின் முக்கியமான பகுதி. இரவு குளிரும். ஒன்றுக்கு இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் பருப்பும் கிடைத்தால் அதைவிட அந்தக் குளிருக்குத் தோதான சாப்பாடு வேறு இல்லை.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே தோட்டப் பாதையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். நான் அப்படி நடந்தபோது கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். கூடையைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் மாட்டியிருந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனைந்து கறுத்திருந்தது. நாளைக்கு மேலே போகப்போகிறேன் என்றேன்.

"உலக முடிவுக்கா தம்பி? ரொம்பக் காத்தா இருக்கும். காதக் கட்டிக்கிட்டுப் போங்க."

"நீங்க போயிருக்கீங்களா அக்கா?"

"வேல நாள்ல எங்க தம்பி போறது. லீவு நாள்ல வெறகு, தண்ணி, துணின்னு போயிருது. எங்க பீலிக்குத் தண்ணி அங்கருந்துதான் வருது. அது தெரியும்."

அவர் சொன்ன கடைசி இரண்டு வாக்கியங்களுக்குள் அந்தப் பூங்காவின் பெருமை முழுதும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1823இலிருந்து தென்னிந்தியத் தமிழர் இந்த மலைக்கு நடந்து வந்து காடு வெட்டி, கோப்பி நட்டு, கோப்பி பூஞ்சணத்தில் அழிந்த பிறகு தேயிலை நட்டு, இருநூறு வருடங்களாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களுடைய பீலியில் விழும் நீர் பிறக்கும் இடத்துக்கு உலகின் மறு கோடியிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். பக்கத்து லயத்தில் இருப்பவருக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கிப் போய்வர முடியவில்லை. இது என்னை உறுத்துகிறது.

ஒஹியவிலிருந்து பூங்கா மையத்துக்குச் சாலை வழியாகப் பதினொரு கிலோமீட்டர் போல. நல்ல உடம்பு இருப்பவர்கள் நடக்கலாம். விடியுமுன் கிளம்ப வேண்டும். மற்றவர்கள் முச்சக்கர வண்டி பேசிக்கொள்ளலாம். பேசும்போதே போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். வழியில் யூகலிப்டஸ், பைன் மரங்கள் கழிந்து, குளிர் கூடிக்கொண்டே போய், ஒரு வளைவில் ஊவா முழுவதும் கீழே விரியும். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பொழுது விடிகிற நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக மலை வரிசைகள் நீலத்தில் தெரியும். பட்டிப்பொல வழியாக வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடையாது.

வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பொலித்தீன் எதுவும் உள்ளே போகக்கூடாது. பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்து எடுத்துக்கொள்வார்கள். சிலர் முணுமுணுப்பார்கள். செத்துப்போன மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீனை அள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். சாப்பாட்டை வாழையிலையிலும் துணியிலும் கட்டிக்கொண்டு போங்கள். மரைகள் வண்டி நிறுத்தும் இடத்துக்கே வந்து முகத்தை நீட்டும், கெஞ்சுகிற கண்கள்தான். ஆனாலும் கொடுக்காதீர்கள். ஆள் கையிலிருந்து தின்னப் பழகிய மரைக்குப் பிறகு காடு போதுவதில்லை. அந்த மரைகளைத் தேடித்தான் சிறுத்தையும் இங்கே இருக்கிறது. அது கண்ணில் படுவது அபூர்வம்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். மூன்று, நான்கு மணி நேரம். வலது பக்கமாகப் போனாலும் இடது பக்கமாகப் போனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். ஆனால் உலக முடிவு என்னும் செங்குத்து விளிம்புக்கு ஒன்பது மணிக்கு முன் போய்விடும் திசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது, ஒன்பதரை ஆனால் கீழிருந்து சூடேறிய காற்று மேலே ஏறி, குளிர்ந்து மேகமாகி, விளிம்பை மூடிவிடும். அதன்பிறகு வந்தவர்களுக்கு வெள்ளைச் சுவர்தான். பேக்கர் நீர்வீழ்ச்சியை, ஏறத்தாழ இருபது மீட்டர் உயரம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது.

புல்வெளியில் நடக்கும்போது காலுக்குக் கீழே மண் கறுப்பாக, ஈரப் பஞ்சுபோல இருக்கும். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்தச் சமவெளி 3,160 ஹெக்டயர்தான். பதுளைப் பக்கத்துப் பெரிய தோட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தால் அந்தப் பரப்பு வந்துவிடும். ஆனால் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கே தலைநீர் உண்டு. மழை மட்டும் இந்த நீரைத் தருவதில்லை. இங்குள்ள மரங்கள் குள்ளமாக, குடை விரித்ததுபோல் தட்டையாக நிற்கும்; கிளையெங்கும் பாசி, படர்கொடி, சின்னச் சின்ன ஓர்கிட் செடிகள். மூடுபனி இந்தக் கிளைகளுக்குள் நுழையும்போது இலையிலும் பாசியிலும் துளியாகத் தங்கி, சொட்டி, மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு மரத்தின் தண்டில் இருக்கும் பாசியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தாலும் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். அந்த நீர்தான் ஓடையாகி, பீலியாகி, லயத்து வாசலில் விழுகிறது. மரத்தை வெட்டினால் மழை நிற்காமல் இருக்கலாம். ஆனால் பனியிலிருந்து வடியும் இந்த நீர் நின்றுவிடும்.

பங்குனியில் போகிறவர்களுக்கு ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். நீலகிரியில் பூக்கும் அதே இனத்தின் நெருங்கிய உறவு. குறிஞ்சியின் உறவான நெலுவும் இங்கே உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். 2013இல் பூத்தபோது காடே ஊதாவாக இருந்தது. பாதையோரப் புதரில் மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஓணான் உட்கார்ந்திருக்கும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி அது. சத்தம் போடாமல் நின்றால் கொம்பும் அசையாமல் நிற்கும். ஊதா முக மந்திகளின் மலை இனம் ஒன்று, குளிருக்கு ஏற்ப அடர்ந்த ரோமம் வளர்த்துக்கொண்டு, மர உச்சிகளிலிருந்து குரல் கொடுக்கும். ஓடையோரத்தில் விடியற்காலையில் சீழ்க்கையடிக்கும் நீலப் பறவையைப் பார்க்கவென்றே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

கண்ணுக்கு வருத்தம் தருவதும் உண்டு. சில இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டு, வெள்ளை எலும்பாக நிற்கின்றன. பல பத்தாண்டுகளாக இந்தச் சாவு நடக்கிறது. ஒரே காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வறட்சி, மண், காற்று மாசு என்று ஆய்வாளர்கள் பலதையும் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்புதர் புல்வெளியில் பரவுகிறது. ஓடைகளில் அவர்கள் விட்ட ட்ரவுட் மீன் இன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் புல்வெளியில் உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டார்கள்.

இந்தக் காடு எப்படித் தப்பியது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நடை இன்னும் பொருளுள்ளதாகும். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை 1834இல் இரண்டு இராணுவ அதிகாரிகள் இந்தச் சமவெளிக்கு வைத்தார்கள். அதற்கு முன்பே சிங்கள மக்கள் மகா எலிய என்று அழைத்த இடம் அது. பிறகு சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் நாய்களையும் துப்பாக்கியையும் கொண்டு மரை வேட்டையாடினார்கள். கீழே கோப்பிக்காகக் காடு மளமளவென்று விழுந்துகொண்டிருந்த காலம். 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் இருக்கும் மலைக்காடுகளைத் தொடாமல் விடுங்கள் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதற்கேற்ப ஆணையும் வந்தது. அந்தக் கோட்டுக்கு மேலேயும் தேயிலை ஏறிய இடங்கள் உண்டு. நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அந்த ஆணை வராமல் போயிருந்தால் இன்று ஒஹியவிலிருந்து பட்டிப்பொல வரை ஒரே தேயிலையாக இருந்திருக்கும், ஊவாவின் கோடை இன்னும் கொடியதாக இருந்திருக்கும் என்றுதான் எண்ணுகிறேன். 1969இல் இயற்கை ஒதுக்கிடமானது. 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

உலக முடிவு. முதலில் சின்ன உலக முடிவு வரும். அதுவே 270 மீட்டர் பள்ளம். பிறகு பெரியது: கிட்டத்தட்ட 870 மீட்டர் செங்குத்து. விளிம்பில் நின்று படம் எடுப்பதில்தான் பலரின் கவனம் இருக்கும். கொஞ்சம் தள்ளி, பாறையில் உட்கார்ந்து, நேரே கீழே பாருங்கள். முதலில் காட்டின் பச்சை. பிறகு கத்தரித்ததுபோல் ஒழுங்கான வேறொரு பச்சை. அது நன்பெரியல் தோட்டத்தின் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் தகரக் கூரைகள் வரிசையாக மின்னும். அவை லயங்கள். இன்னும் தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம். வானம் நன்றாகத் தெளிந்த காலையில் தெற்குக் கடல் கோடாகத் தெரியும். சிறு புள்ளியாய்த் தெரியும் அந்தக் கூரைகளின் கீழ் அந்த நேரத்தில் பெரட்டுக்குப் போக ஆட்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அல்லது ஏற்கனவே மலையில் நிற்பார்கள்.

இந்தச் செங்குத்துச் சுவர் உலக முடிவோடு முடிவதில்லை. மலைநாட்டின் தெற்கு விளிம்பாக அது கிழக்கே ஹல்துமுல்லை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று நீள்கிறது. காட்சி பார்க்க வருகிறவர்களுக்கு அது உலக முடிவு. அதன் மடியில் குடியிருப்பவர்களுக்கு அது மண் இறங்கும் சரிவு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் அந்தச் சரிவின் ஒரு பகுதி இறங்கி லயங்களை மூடியது. இடர் உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்த இடம் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பதினொரு வருடம் கழித்து டித்வா மீண்டும் அதே பாடத்தை அதே மாவட்டத்தில் நடத்தியது. மேலே காடு நிற்க வேண்டும் என்பதும், கீழே ஆபத்தான சரிவில் இருக்கும் லயங்களிலிருந்து மக்களைப் பாதுகாப்பான நிலத்தில், சொந்த வீட்டில் குடியேற்ற வேண்டும் என்பதும் எனக்கு ஒரே கோரிக்கையாகத்தான் படுகிறது.

நீர் விஷயத்திலும் அப்படித்தான். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காக மலைக்குள் நீண்ட சுரங்கம் தோண்டினார்கள். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளையைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் காய்ந்தன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை நகரமே தெருவில் இறங்கியது. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது, மின்சாரமும் வருகிறது. ஆனால் மலைக்குள் நீர் எந்த வழியாக ஓடுகிறது என்று அறியாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை ஊவா தன் கிணறுகளில் பார்த்துவிட்டது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. காற்றுப் புகாத மேலாடை, காதை மூடும் தொப்பி அல்லது மப்ளர், பிடிப்பான சப்பாத்து, மழைக்கோட்டு, தண்ணீர். பத்து மணிக்கு வெயில் சுடும். குளிர்கிறதே என்று தொப்பியை மறந்தால் மூக்கு உரிந்துவிடும். ஈரமான மாதங்களில் அட்டை கடிக்கும். பங்குனியில் தொல்லை குறைவு. காய்ந்த புல் நெருப்புக்குக் காத்திருக்கும் மாதமும் அதுதான், ஆகவே சிகரெட், தீப்பெட்டி வேண்டாம்.

பதினொரு மணிக்குள் வாசலுக்குத் திரும்பி, ஒஹியவுக்கு இறங்கி, பிற்பகல் ரயிலில் அப்புத்தளைக்கு வந்துவிடலாம். மறு நாள் இருந்தால் டம்பேதன்னைக்குப் போங்கள். 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களில் ஒன்று. அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று சொல்லப்படும் மலையுச்சிக்கு எல்லோரும் போகிறார்கள், நீங்களும் போகலாம். திரும்பும்போது கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் நேரத்துக்குச் சற்று நின்று பாருங்கள். கூடைக்கு இவ்வளவு என்று தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிக்கிறார்கள். நிறுவை சொல்லும்போது ஒவ்வொரு பெண்ணும் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். பின்னேரம் அதிசம் பங்களாவை ஒட்டிய தங்கமலைக் காட்டில் நடந்தால் ஹோட்டன் சமவெளியில் தவறவிட்ட பறவைகளில் சில கிடைக்கும்.

ஊவாவின் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்த பள்ளிகளின் வருடாந்தச் சுற்றுலா கொழும்பு, கண்டி, திருகோணமலை என்றுதான் போகிறது. பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு வருடமாவது தங்கள் ஆற்றின் தலையைப் பார்க்கட்டும். உள்ளூர்வாசிகளுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு, செலவெல்லாம் வண்டிக்குத்தான். ஒஹியச் சாலை குறுகல், சின்ன பஸ்தான் ஏறும். ஒரு வகுப்பைக் கூட்டிப்போகலாம். அப்புத்தளையிலிருந்து அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். பங்குனியின் ஒரு வார நாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறு, போயா வேண்டாம். பெற்றோரில் இருவரையாவது கூட அழைத்துப் போங்கள். வாழ்நாள் முழுவதும் அந்த மலையின் கீழே கொழுந்தெடுத்தவர்களுக்கும் அது முதல் தடவையாக இருக்கும். ஒஹியவுக்கு மேலே அந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தி, நமுனுகுலை மலை எது என்று மட்டும் காட்டிக்கொடுங்கள். அதை வைத்து அவரவர் தோட்டத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.